மலையில் பிசிஷியன் அசிஸ்டென்ட் (பி.ஏ.) வேலைக்கு இன்டர்வியூவா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"ஏன் நீலகிரிக்கு வேலைக்கு வர்றீங்க?" என்று டாக்டர் கேட்பார். பத்தில் எட்டுப் பேர் "இங்கே க்ளைமேட் நல்லா இருக்கும் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைக் கவனிக்கும் பிசிஷியன் அசிஸ்டென்டாக குன்னூர் பக்கம் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். இன்டர்வியூ நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து கவனிக்கும் வாய்ப்பும் கிடைக்கிறது. அந்தப் பதிலைக் கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். க்ளைமேட்டுக்காக வந்தவர்கள் ஆடிக் காற்றும் மழையும் ஆரம்பித்ததும் கீழே இறங்கிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த மருத்துவமனைக்கு எந்த ஊர்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள், அவர்கள் என்ன வேலை செய்கிறவர்கள், பெரிய கேஸ் வந்தால் எங்கே அனுப்புகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள். வாசலில் இருக்கும் டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தாலே பாதி தெரிந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது அடுத்த கேள்வியில்தான். "ராத்திரி ரெண்டு மணி. கேஷுவாலிட்டியில நெஞ்சுவலியோட ஒருத்தர் வந்திருக்கார். நான் வீட்ல தூங்கிட்டிருக்கேன். எனக்கு போன் பண்ணுங்க பார்ப்போம்."

உடனே சிலர் நோயாளியின் பெயர், ஊர், பத்து வருடத்துக்கு முன் நடந்த ஆபரேஷன் என்று ஆரம்பிக்கிறார்கள். டாக்டருக்கு வேண்டிய விஷயம் வருவதற்குள் இரண்டு நிமிடம் ஓடிவிடும். போன வருடம் வந்த ஒரு தங்கை சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது:

"சார், கேஷுவாலிட்டியிலிருந்து பி.ஏ. பேசுறேன். 52 வயசு ஆண், எஸ்டேட் தொழிலாளி. ஒன்றரை மணி நேரமா நெஞ்சுவலி, நல்லா வேர்க்குது. இசிஜியில இரண்டு, மூன்று, ஏவிஎஃப் லீடுல எஸ்டி எலிவேஷன். பிபி 90/60, பல்ஸ் 52. சர்க்கரை இருக்கு, அலர்ஜி எதுவும் இல்லை. ஐவி லைன் போட்டாச்சு, புரோட்டோகால்படி ஆஸ்பிரின் 300 கொடுத்தாச்சு. சார்பிட்ரேட் கொடுக்கலை, வலது பக்க இசிஜி எடுக்கிறோம். நீங்க உடனே வரணும் சார். இங்கேயே லைசிஸ் பண்ணுறதா, கோவைக்கு அனுப்புறதானு முடிவு பண்ணணும்."

மொத்தமே முக்கால் நிமிடம்தான். யார் பேசுகிறார், என்ன பிரச்சினை, இப்போது நிலைமை என்ன, என்ன செய்தாச்சு, டாக்டரிடமிருந்து என்ன வேண்டும் என்று எல்லாமே அதில் இருந்தது. சார்பிட்ரேட் கொடுக்காததையும் சொன்னாள் பாருங்கள், அங்கேதான் வேலை அவளுக்கு என்று முடிவானது. சார்பிட்ரேட் ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை. அவள் சொன்ன இசிஜி மாற்றம் இதயத்தின் கீழ்ப்பக்க அட்டாக்கைக் காட்டுவது; அதில் வலது பக்கமும் பாதித்திருந்தால் அந்த மாத்திரை பிபியை இன்னும் இறக்கிவிடும். ஆஞ்சியோ செய்யும் இடத்தில் 120 நிமிடத்துக்குள் அடைப்பை எடுக்க முடியாது என்றால் இருக்கும் இடத்திலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி (லைசிஸ்) போட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. பனிமூட்டத்தில் மலைப்பாதை இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, கோவை போய்ச் சேரும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடலூர், பந்தலூர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதே கேள்விக்கு "நானே மருந்து போட்டு ஸ்டேபிள் பண்ணிடுவேன் சார்" என்பவர்களும் உண்டு. தைரியத்தைக் காட்டுவதாக நினைக்கிறார்கள். சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் 1992-ல் இந்தப் படிப்பு இந்தியாவில் தொடங்கியதிலிருந்து நம் வேலை டாக்டரின் மேற்பார்வையில்தான். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான மத்தியச் சட்டத்திலும் நம் தொழிலுக்கு இடம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போங்கள், கேட்கிறார்கள். அதற்காக "டாக்டரைக் கூப்பிடுவேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வதும் தப்பு. அவர் வரும்வரை உங்கள் கை என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

அப்புறம், புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு இந்த மலையின் நோய்களைப் படிக்காமல் வருவது. காய்ச்சல் என்றதும் டெங்கு, டைபாய்டு என்று அடுக்குவார்கள். தேயிலைத் தோட்டத்திலும் புதரிலும் நடமாடுகிறவருக்குக் காய்ச்சல் என்றால் ஸ்க்ரப் டைபஸையும் (புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) நினைக்க வேண்டும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் துணி இறுகும் இடம் எல்லாம் பார்க்க வேண்டும். சிகரெட்டால் சுட்ட மாதிரி சின்னதாக, வலிக்காத கறுப்புப் பொருக்கு, கடித்த இடத்தில் இருக்கலாம். ஒன்றைக் கண்டுபிடித்தாலே போதும், அதற்கான மருந்து டாக்ஸிசைக்ளினைச் சீக்கிரம் ஆரம்பிக்கலாம். பணியர், இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளை கைகால் எலும்பெல்லாம் வலிக்கிறது என்று வந்தால் சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய்) ஞாபகத்துக்கு வர வேண்டும். குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் அந்த வலியைக் கிளப்பிவிடும். "நடிக்கிறான்" என்று யாராவது சொல்லக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள் இருப்பதால் பூச்சிமருந்து கேஸையும் ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.

பயிற்சியில் செய்ததைக் குறித்து வைக்கும் லாக்புக்கில், வெறுமனே பார்த்ததை எல்லாம் செய்ததாக எழுதாதீர்கள். "சென்ட்ரல் லைன் பதினைந்து" (பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய்) என்று எழுதியிருந்த ஒரு தம்பியிடம் ஊசி போடும் இடத்தை உடம்பில் காட்டச் சொன்னார்கள். கை நடுங்கிவிட்டது. "கூட நின்னு பார்த்தேன் சார், இன்னும் செய்யலை" என்று சொல்லியிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். மொழி விஷயமும் அப்படித்தான். படுகர் பேசும் படுகு தெரியாது, மலையாளம் கொஞ்சம் புரியும் என்றால் அப்படியே சொல்லுங்கள்.

சம்பளம், நைட் டியூட்டி, குவார்ட்டர்ஸ் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். முதல் வேலையில் நான் கேட்காமல் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க ஏழு மாதம் அலைந்தேன்.

கீழிருந்து வருகிறவர்கள் முந்தின நாளே மேலே வந்துவிடுங்கள். மழைக்காலத்தில் காலை பஸ்ஸை நம்ப முடியாது, பாதையில் ஒரு மரம் விழுந்தால் போதும். அன்று ராத்திரி வீட்டுக்கு போன் போட்டு, அக்காவையோ நண்பரையோ டாக்டராக வைத்து அந்த ரெண்டு மணி கேஸைச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் மறுபடி முதலிலிருந்து.