வலி மணிக்கட்டில், நீவ வேண்டியது முன்னங்கையில்

சேலத்தில் கை வலிக்காத வேலை குறைவு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வளையம் கோப்பவர், அம்மாப்பேட்டையில் தறியில் உட்காருபவர், ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை விடாமல் பைக்கில் இறங்குபவர் என யாராக இருந்தாலும், வலி வந்ததும் மறு கையால் மணிக்கட்டைப் பிடித்து நெரிக்கிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பம்.

விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலிலும் இல்லை, மணிக்கட்டிலும் இல்லை. முழங்கைக்குக் கீழே, முன்னங்கையில் இருக்கின்றன. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள், பிடிக்குள் சதை நெளியும். களைத்துப்போனது அதுதான்.

மணிக்கட்டின் உட்பக்கமோ, 9 தசைநாண்களும் (தசையை எலும்போடு கட்டும் நார்கள்) ஒரு நரம்பும் ஒரே சந்துக்குள் நெருக்கியடித்துப் போகும் இடம். அதன் நடுவில் கட்டைவிரலை ஊன்றி அழுத்தினால் நரம்புதான் நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் ராத்திரியில் கையை உதறிக்கொண்டு எழுந்திருப்பவர்கள் அங்கே கை வைக்கவே வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, எப்படி நீவுவது? மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கையை மேசைமேல் வையுங்கள். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு, மறு உள்ளங்கையின் அடிப்பகுதியால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெதுவாக நீவுங்கள். இறுகிய இடம் தட்டுப்பட்டால் தேய்க்காமல், அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். அப்புறம் கட்டைவிரலுக்கு அடியில் உள்ள சதைமேட்டைப் பிசைந்து விடலாம். கைக்கு இரண்டு மூன்று நிமிடம் தாராளம். "நல்லா வலிச்சாத்தான் கேக்கும்" என்பதெல்லாம் வெறும் பேச்சு. வேலை முழுவதையும் மறு கட்டைவிரலிடம் ஒப்படைப்பதும் தப்பு, நாளைக்கு அது வலிக்கும்.

ஏற்காட்டில் வாங்கி வந்த யூகலிப்டஸ் தைலத்தை அப்படியே தேய்க்காதீர்கள், தோல் எரியும். தேங்காய் எண்ணெயில் சில சொட்டு கலந்தால் போதும். தேய்த்த கையைக் கண்ணில் வைத்துவிடாதீர்கள். எண்ணெய்க் கையோடு வண்டியும் எடுக்காதீர்கள், ஆக்சிலேட்டர் வழுக்கும்.

பெரிய தவறு, கீழே விழுந்து வீங்கிய கையைச் "சுளுக்குதானே" என்று உருவி விடுவது. உள்ளே எலும்பு விரிசல் விட்டிருந்தால் இன்னும் விலகிவிடும். முதல் நாளில் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுத்து, கையை அசைக்காமல் வைத்து எக்ஸ்ரே எடுங்கள். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் மணிக்கட்டோரம் ஒரு சின்னக் குழி தெரியும். அங்கே தொட்டால் வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். அந்தக் குழிக்கு அடியில் உள்ள எலும்பின் விரிசல் சில சமயம் முதல் படத்தில் விழாது.

சர்க்கரை நோயால் விரல் மரத்துப்போனவர்களுக்குச் சூடு சரியாகத் தெரியாது. வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் வேறு யாராவது துணியைத் தொட்டுப் பார்க்கட்டும்.