தடிமனான ஃபேன்டசி நாவலுக்கு ஒரு பெயர் அட்டை

தடிமனான ஃபேன்டசி நாவலைத் தொடங்கும்போதே, போஸ்ட் கார்டு அளவில் ஓர் அட்டையைப் புக்மார்க்காக வைத்து, பாத்திரங்களின் பெயர்களை அதில் குறித்துக்கொண்டே படியுங்கள். பெயர், ஒரே ஓர் அடையாளம், பக்க எண். பெயருக்கு எதிரே ‘ஒற்றைக்கைத் தளபதி, 34’ என்கிற அளவு போதும். ஒரு பெயர் இரண்டாம் முறை வரும்போது மட்டும் எழுதுங்கள். வந்துபோகிறவர்களையெல்லாம் எழுதினால் முதல் அத்தியாயத்திலேயே அட்டை நிரம்பிவிடும், வாசிப்பும் வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

இந்த நாவல்களில் ஆள், ஊர், குலம் எல்லாமே பெரும்பாலும் புனைந்த பெயர்கள். நினைவு பற்றிக்கொள்ள ஏற்கெனவே தெரிந்தது அதிகம் இருக்காது. ‘யார் இவர்?’ என்று பின்னால் புரட்டும் ஒவ்வொரு முறையும் கதையை விட்டு வெளியே வந்துவிடுகிறோம். வீட்டிலேயே அடைந்திருக்கும் நாட்களில் அந்த உலகத்துக்குள் முழுசாகப் போகத்தானே புத்தகத்தையே எடுத்தோம்!

கடைசிப் பக்கங்களில் பெயர்ப் பட்டியல் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். யார் யாருக்கு மகன், யார் எப்போது இறந்தார் என்று அதிலேயே கதையின் ரகசியம் உடைந்துபோகலாம். மின்நூலின் தேடல் வசதியிலும் இதே சிக்கல்: பெயரைத் தேடினால் இனி வரப்போகும் பக்கங்களின் வரிகளும் சேர்ந்தே வந்து நிற்கும்.

ஒரே நாயகனைச் சுற்றிப் போகும் சின்ன நாவலுக்கு அட்டை தேவையில்லை. ஒலிப்புத்தகம் என்றால் பக்க எண்ணுக்குப் பதில் அத்தியாய எண்ணைக் குறிக்கலாம். கைவேலையோடு கேட்பவர்களுக்கு அதுவும் சரிப்படாது.