முகாம் இருந்த காணி கைக்கு வந்தால் மண்ணைப் பார்ப்பது எப்படி

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுப்போன, பிறகு இராணுவ முகாமாக இருந்த காணி இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறதா? உடனே உழவு இயந்திரத்தைக் கூப்பிடாதீர்கள். கண்ணிவெடி அகற்றி முடித்த காணிதானா என்று முதலில் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்துங்கள்; அதுவரை ஓரிடத்திலும் அலவாங்கு இறங்கக் கூடாது.

அப்புறம் ஒரு சுற்று நடந்து, எங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். வாகனம் நின்ற இடம், அணிநடை போட்ட திடல், சுட்டுப் பழகிய மண் அணை, எண்ணெய் ஊற்றிய கறுப்புத் திட்டு எல்லாம் பத்துப் பரப்புக்குள்ளேயே இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் வேறு மண். எல்லாவற்றிலும் ஒரு பிடி அள்ளி ஒரே பையில் போட்டுப் பரிசோதனைக்குக் கொடுத்தால் பழுதான மண் நல்ல மண்ணுக்குள் ஒளிந்துவிடும்.

இறுக்கம் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. மழை பெய்து இரண்டு நாள் கழித்து அலவாங்கை இடிக்காமல் கையால் அழுத்துங்கள். வேலியோரத்தில் இறங்கும், வாகனத் தடத்தில் நாலு விரல் ஆழத்திலேயே நின்றுவிடும். டக்கென்று கல் சத்தம் கேட்டால் அது அடியில் இருக்கிற சுண்ணக்கல், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிறகு, இரு பக்கமும் வெட்டிய பால்மா டின்னை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் இறக்கி, ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். அது வற்றியதும் அதே அளவு மறுபடி விட்டு, இந்த இரண்டாவது தண்ணீர் வற்றத்தான் நேரம் பார்க்க வேண்டும். வேலியோரத்தையும் தடத்தையும் ஒப்பிட்டாலே விளங்கும். தானாகச் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள்: கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 1942இல் தொடங்கிய பயிற்சியில் டாங்கிகள் ஓடிய தடம் இன்னும் தெரிகிறது.

மண் அணைதான் எனக்குப் பயம். அதில் புதைந்த பழைய துப்பாக்கிச் சன்னத்தில் வெள்ளையாகப் படிந்திருப்பது ஈயம் அரித்து வந்தது. சுண்ணாம்புத் தன்மையுள்ள மண் ஈயத்தை இறுகப் பிடிக்கும், அதனால் அது கிணற்றுக்குச் சுலபமாக இறங்காமல் மேல்மண்ணிலேயே கிடக்கும். அணையை டோசரால் தள்ளிச் சமப்படுத்தினால் காணி முழுக்க நீங்களே பரப்பியதாகிவிடும். சாதாரண மண் பரிசோதனையில் ஈயம் வராது, பார உலோகம் என்று தனியாகக் கேளுங்கள். முடிவு வரும்வரை அந்தப் பக்கம் கீரையும் கரட்டும் வேண்டாம், பிள்ளைகளையும் விளையாட விடாதீர்கள்.

இறுகிய இடத்தை மண் காய்ந்திருக்கும்போதே கிளறுங்கள், ஈரத்தில் இயந்திரம் ஏறினால் இன்னும் இறுகும். சணல் விதைத்து, பூக்கிற நேரம் மடக்கி உழுது, பூவரசங்குழையும் தாழ்த்துங்கள். ஒரு போகம் போதாது. டின் வைத்த இடத்தில் ஒரு கட்டை அடித்து வையுங்கள், அடுத்த மாரியிலும் அதே இடத்தில்தான் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும்.