குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை: டொராண்டோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

அப்போது நாங்கள் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மகளுக்கு நான்கு வயது. ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு போனில் வந்தது. ஹீமோகுளோபின் 112. ஊரில் 11, 12 என்றே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த எண் பிடிபடவே இல்லை. புள்ளி விட்டுப்போச்சா, வேறு யாருடைய முடிவாவது மாறி வந்துவிட்டதா என்று நானும் கணவரும் விடியும்வரை தூங்கவில்லை. விஷயம் இவ்வளவுதான்: ஊரில் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதுவார்கள், கனடாவில் ஒரு லிட்டருக்கு எழுதுகிறார்கள். 112 என்றால் நம் கணக்கில் 11.2. நான்கு வயதுக் குழந்தைக்கு 110-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்று பார்ப்பார்கள். அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

அந்த இரவு உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். முதலில் அலகுகளைப் பழகிக்கொள்ளுங்கள். சர்க்கரை இங்கே மில்லிமோலில் வரும். 18-ஆல் பெருக்கினால் ஊர்க்கணக்கு கிடைக்கும். 5 என்றால் 90. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்குப் பார்க்கும் பிலிருபின் மைக்ரோமோலில் வரும். அதைச் சுமார் 17-ஆல் வகுக்க வேண்டும். 200 என்று பார்த்ததும் நெஞ்சு அடைத்துவிடும், ஆனால் அது ஊர்க்கணக்கில் 12-க்கும் கொஞ்சம் குறைவு. (அது அதிகமா இல்லையா என்பது குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதைப் பொறுத்தது, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.) ஊரில் எடுத்த பழைய ரிப்போர்ட்களைத் தூக்கிப் போடாதீர்கள். டாக்டரிடம் காட்டும்போது இது எந்த அலகில் எழுதியது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது, எங்கே போவது என்ற கேள்வி. டொராண்டோவில் குழந்தைகள் மருத்துவமனை என்றாலே எல்லோர் வாயிலும் வருவது சிக்கிட்ஸ். 1875-இல் தொடங்கியது, யூனிவர்சிட்டி அவென்யூவில் 555-ஆம் எண். சப்வேயில் குவீன்ஸ் பார்க், செயின்ட் பேட்ரிக் இரண்டு ஸ்டேஷனில் இருந்தும் நடந்து போகலாம்; 12 வயதுவரை குழந்தைகளுக்கு டிடிசியில் (நகரின் பஸ், சப்வே) டிக்கெட் வாங்க வேண்டாம். ஆனால் எல்லாப் பரிசோதனைக்கும் அங்கே ஓட வேண்டியதில்லை. குடும்ப டாக்டரோ வாக்-இன் கிளினிக் டாக்டரோ எழுதிக் கொடுக்கும் சாதாரணச் சோதனைகளை லைஃப்லேப்ஸ், டைனாகேர் மாதிரி வெளி லேப்களில் எடுத்துவிடலாம். சிக்கிட்ஸ் டாக்டர்களிடம் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்குத்தான் பெரும்பாலும் அங்கேயே ரத்தம் எடுப்பார்கள். கைக்குழந்தை என்றால் வெளி லேபுக்குக் கிளம்பும் முன் போன் செய்து, இந்த வயதுக்கு அந்தக் கிளையில் எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். பனியில் இரண்டு பஸ் மாறிப் போய்த் திரும்பி வருவது பாவம்.

ஊரில் மாதிரி நாமாகவே லேபுக்குப் போய் "ஒரு சிபிசி பாருங்க" (ரத்த அணுக்களை எண்ணும் சோதனை) என்று சொல்ல முடியாது. டாக்டரின் கையெழுத்துடன் ரெக்விசிஷன் படிவம் வேண்டும். கூடவே ஓஹிப் அட்டை, அதாவது ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை. முன்பு ஓஹிப்புக்கு மூன்று மாதக் காத்திருப்பு இருந்தது. 2020 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் பிஆர் (நிரந்தரக் குடியுரிமை) ஆக வந்தவர்கள் வந்த வாரமே சர்வீஸ் ஒன்டாரியோ என்ற அரசு சேவை மையத்துக்குப் போய்க் குழந்தையின் பெயரில் அட்டைக்கு விண்ணப்பித்துவிடலாம். அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் இருக்கிறது, அதிலும் லேப் சோதனைகள் அடங்கும். ஓஹிப் எல்லாவற்றுக்கும் கட்டாது. உதாரணமாக வைட்டமின் டி: ரிக்கெட்ஸ், சிறுநீரக நோய், குடல் சத்தை உறிஞ்சாத நோய் போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இருந்தால்தான் இலவசம், மற்றபடி கைக்காசு. எது இலவசம், எது இல்லை என்பதை ரத்தம் எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஊசிக்கு வருவோம்.

லிஃப்டில் எங்கள் மாடி யாழ்ப்பாணத்து அக்கா, விஷயம் கேள்விப்பட்டதும் முதலில் கேட்டது, "பிள்ளைக்குக் கிறீம் பூசினனீங்களோ?" என்பதுதான். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தோலை மரத்துப்போகச் செய்யும் க்ரீம். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே தருவார்கள். எம்லா என்றால் ஒரு மணி நேரம் முன்பு, மாக்ஸிலீன் என்றால் அரை மணி நேரம் முன்பு முழங்கை மடிப்பில் பூச வேண்டும். இரண்டு கையிலும் பூசுவது நல்லது, ஏனென்றால் எந்தக் கையில் நரம்பு கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கும், ஜி6பிடி குறைபாடு (சில பொருள்கள் பட்டால் சிவப்பணு உடையும் பிறவிக் குறைபாடு) இருக்கும் குழந்தைக்கும் பார்மசிஸ்டைக் கேட்காமல் பூசாதீர்கள். பால் குடிக்கும் குழந்தை என்றால் குத்தும்போது பால் கொடுத்துக்கொண்டிருக்கலாமா என்று கேளுங்கள். அது வலியைக் குறைக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும், பெரும்பாலும் சரி என்பார்கள்.

படுக்க வைத்துக் காலையும் கையையும் நான்கு பேர் அமுக்கிப் பிடிக்கும் வழக்கம் வேண்டாம். குழந்தையை உங்கள் மடியில், உங்கள் பக்கம் முகம் வைத்து, கட்டிப்பிடித்தபடி உட்கார வையுங்கள். ஒரு கை மட்டும் வெளியே இருக்கட்டும். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். ஒரு தடவை அந்தப் பொய் தெரிந்துவிட்டால் அடுத்த தடவை வாசலிலேயே அழுகை ஆரம்பித்துவிடும். "சுருக்குன்னு இருக்கும், அம்மா எண்ணுறேன், பத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்று சொன்னால் போதும். இன்னொன்றும் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்" என்று வீட்டில் பயமுறுத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தப் பயத்தைத்தான் குழந்தை லேபுக்குக் கொண்டுவருகிறது.

குளிர்காலத்தில் கையுறை கழற்றியதும் விரல் ஐஸ் மாதிரி இருக்கும், நரம்பு உள்ளே ஒளிந்துகொள்ளும். பத்து நிமிடம் முன்பே போய், கையை உங்கள் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்குங்கள். வெறும் வயிறு என்று படிவத்தில் எழுதாவிட்டால் பட்டினி போட வேண்டாம். தண்ணீர் நிறையக் குடிக்க வையுங்கள்.

"இவ்வளவு ரத்தம் எடுத்தால் குழந்தை என்னத்துக்கு ஆகும்?" என்று பாட்டிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. குழந்தையின் உடம்பில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 75 முதல் 80 மில்லி ரத்தம் இருக்கும். பிறந்த மூன்று கிலோ சிசுவுக்கு மொத்தமே ஒரு டம்ளர் அளவுதான். அதனால்தான் குழந்தைகள் மருத்துவமனை லேப்களில் அரை மில்லி பிடிக்கும் குட்டிக் குழாய்களும், சில சொட்டிலேயே பல சோதனை செய்யும் கருவிகளும் வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்குப் பல சமயம் குதிகாலில் குத்திச் சொட்டுச் சொட்டாக எடுப்பதும் இதற்காகத்தான்.

குத்திச் சொட்டாக எடுக்கும்போது அழுத்திப் பிழிந்தால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும். எங்களுக்கு ஒரு லேபில் அப்படி ஆனது. பொட்டாசியம் அதிகமாகக் காட்டுகிறது, மறுபடி வாருங்கள் என்று போன் வந்தது. சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று பதறிவிட்டேன். உடைந்த அணுவுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்ததுதான் காரணம். இரண்டாவது தடவை எண் சரியாக இருந்தது. மறுபடி எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டால் "மாதிரி சரியில்லையா, முடிவு சரியில்லையா?" என்று அந்தப் போனிலேயே கேளுங்கள். இரண்டும் வேறு வேறு.

இதற்கெல்லாம் மேலாக நான் சொல்ல நினைப்பது ஒன்று உண்டு. நம் வீட்டில் என்ன இருக்கிறது, நம் வம்சத்தில் என்ன ஓடுகிறது என்று இங்கே உள்ள டாக்டருக்குத் தானாகத் தெரியாது. அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நாம்தான் சொல்ல வேண்டும்.

பரம்பரையாக வரும் ரத்த நோயான தலசீமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மக்களிடையே அதன் அறிகுறியில்லாத வகையைச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தையின் சிவப்பணு சிறியதாக இருந்தால் உடனே இரும்புச்சத்துக் குறைவு என்று நினைப்பது இயல்பு, பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஒரு நாளைக்கு லிட்டர் கணக்கில் பசும்பால் கொடுத்துச் சோறு இறங்காத குழந்தைக்கு அதுதான் நடக்கும். கனடாவின் குழந்தை மருத்துவர்கள் 750 மில்லிக்கு மேல் பால் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் நன்றாக இருந்தும் அணு சிறியதாகவே இருந்தால், அல்லது மாதக்கணக்கில் இரும்புச் சொட்டு மருந்து கொடுத்தும் மாறாவிட்டால், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனை தேவையா என்று கேளுங்கள். அப்பா அம்மா இருவருமே பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சித்தப்பா பிள்ளைக்கு ரத்தம் ஏற்றினார்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் அந்துருண்டை. பெட்டியில் பத்திரப்படுத்திய குழந்தைத் துணியோடு அதுவும் ஊரிலிருந்து வந்துவிடும். ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைக்கு அதிலுள்ள நாஃப்தலீன் பட்டால் சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை ஏறும். குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். யாருக்கும் இல்லாவிட்டாலும் துணியை நன்றாகத் துவைத்துவிட்டுப் போடுங்கள். சில கண்மை, சுர்மா வகைகளில் ஈயம் இருந்திருக்கிறது, சில ஊர் மருந்துகளிலும்தான். குழந்தைக்கு இட்டிருந்தால், கொடுத்திருந்தால் டப்பாவையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டுமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

பிறந்ததும் காசநோய்க்காகப் போட்ட பிசிஜி தடுப்பூசியையும் சொல்லுங்கள். தோளில் அந்தத் தழும்பு இருக்கும் குழந்தைக்குக் காசநோய்த் தோல் சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டலாம். அதற்குப் பதில் ரத்தத்தில் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, அதை பிசிஜி குழப்பாது.

சிறுநீர் விஷயம் சுருக்கமாக. டயப்பர் போடும் குழந்தைக்கு ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் தோலில் உள்ள கிருமி கலந்துவிடும். அதில் தொற்று என்று வந்தால் வேறு முறையில் எடுத்து உறுதி செய்தார்களா என்று கேளுங்கள். மலச் சோதனைக்குத் தரும் சில பாட்டில்களில் திரவம் இருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டும்படியும் வைக்காதீர்கள்.

முடிவைப் படிக்கும்போது பக்கத்தில் இருக்கும் இயல்பு அளவு குழந்தையின் வயதுக்கு உரியதா என்று பாருங்கள். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற ஒன்று எலும்பு வளரும் வயதில் பெரியவர்களைவிடப் பல மடங்கு இருக்கலாம். பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டால் கல்லீரல் கெட்டதுபோலத் தோன்றும். இந்தக் குழப்பம் தீரத்தான் சிக்கிட்ஸில் கேலிப்பர் என்ற ஆய்வைத் தொடங்கி, ஆரோக்கியமான ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் ரத்தம் பெற்று, வயதுவாரியாகவும் ஆண் பெண் வாரியாகவும் அளவுகளை வகுத்தார்கள். வேறு குழந்தைகள் கை நீட்டிக் கொடுத்த ரத்தம் அது. நினைக்கும்போதே எனக்கு நன்றி பெருகும்.

முடிவுகளை ஆன்லைனில் காட்டும் மைசார்ட்டில் டாக்டர் பேசுவதற்கு முன்பே முடிவு வந்துவிடலாம். சிவப்பு எழுத்தைப் பார்த்து நள்ளிரவில் கூகுளில் தேட வேண்டாம். குழந்தை சோர்வாக இருந்தால் 811-க்கு அழையுங்கள், எந்நேரமும் நர்ஸ் பேசுவார். மூச்சுத் திணறல், எழுப்ப முடியாத மயக்கம் என்றால் 911. மருத்துவமனையில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், காசு கிடையாது. மூத்த பிள்ளையை வைத்துப் பேச வைக்காதீர்கள். தம்பிக்கு என்ன நோய் என்பதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்லும் பாரம் அந்தப் பிஞ்சுக்கு வேண்டாம்.

இங்கே குழந்தை பிறக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பிறந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் குதிகாலில் குத்தி ஒரு தாளில் சில சொட்டு எடுத்து ஒட்டாவாவுக்கு அனுப்புவார்கள். தைராய்டு குறைபாடு, சிக்கிள் செல் என்ற ரத்த நோய் போன்று, சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றக்கூடிய நோய்களுக்கான சோதனை அது. கனடாவுக்கு வெளியில் பிறந்த பச்சைக் குழந்தையோடு வந்திருந்தால், இது செய்யவில்லை என்று முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். இங்கே எடுத்த பிறகு தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுங்கள், குரல் செய்தியை அன்றே கேளுங்கள். இரண்டாவது சோதனைக்குக் கூப்பிட்டால் நாளை என்று தள்ளாமல் போய்விடுங்கள்.