திராட்சைக் கொடியில் இலை கிள்ளியதில் நேர்ந்த பிழையும் அதை நான் திருத்திய விதமும்

மதுரைக்கு மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் உள்ளது. ஒரு மழைக்காலத்தில், ஈரத்தில் பரவும் அடிச்சாம்பல் நோய்க்கு அஞ்சி, காற்றோட்டம் வேண்டும் என்ற எண்ணத்தில், காய்கள் நிறம் மாறத் தொடங்கிய வேளையில் குலைகளைச் சுற்றியும் அவற்றுக்கு மேலேயும் இருந்த இலைகளை ஏறக்குறைய முழுவதுமாகக் கிள்ளிவிட்டேன். நோய் குறைந்தது உண்மைதான். ஆனால் அதுவரை நிழலிலேயே வளர்ந்த காய்கள், திடீரென விழுந்த உச்சி வெயிலைத் தாங்காமல் பழுப்பேறிச் சுருங்கின. தப்பிய பழங்களோ கறுத்த பின்னும் புளித்தன, சர்க்கரைமானி 13 பிரிக்ஸை, அதாவது சாற்றில் நூற்றுக்குச் சுமார் 13 பங்கு சர்க்கரையைத் தாண்டவில்லை. அடுத்த கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதற்குப் பிறகு வந்த தளிர்களும் மெலிந்திருந்தன. அதுதான் என்னை மிகவும் வருத்தியது. பழத்துக்குச் செல்லும் சர்க்கரையும், அடுத்த தளிருக்காகத் தண்டிலும் வேரிலும் மாவுச்சத்தாகச் சேரும் சர்க்கரையும் இலையில்தான் உருவாகின்றன என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மறு போகத்தில், பிஞ்சு பிடித்த உடனேயே, குலையை உரசிக்கொண்டிருந்த அடி இலைகளில் மூன்று நான்கையும் உள்ளே நெருக்கிய பக்கத் தளிர்களையும் மட்டும் கையால் அகற்றினேன். குலைக்குக் கூரையாக நின்ற மேல் இலைகளைத் தொடவில்லை. ஒவ்வொரு கிளையிலும் 12 முதல் 15 நல்ல இலைகளாவது நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். பிஞ்சுகள் சிறிது சிறிதாக வெளிச்சத்துக்குப் பழகின, மருந்துத் தெளிப்பும் குலையின் உட்புறம் வரை சென்றது. அறுவடையில் 17 பிரிக்ஸ் கிடைத்தது. மதுரைச் சந்தைக்கு அனுப்பிய பெட்டிகளில் ஒன்றுகூடக் கழிவு என்று திரும்பவில்லை.