வந்த ஆட்களுக்குக் கிளிநொச்சியை நடந்தே காட்டுவது எப்படி

வெளிநாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிறவர்கள் கிளிநொச்சியைப் பெரும்பாலும் வாகனக் கண்ணாடிக்குள்ளால்தான் பார்க்கிறார்கள். போரில் சரிந்த தண்ணீர்த் தாங்கியடியில் ஒரு படம், இராணுவ நினைவுச்சின்னத்தடியில் இன்னொரு படம், அப்புறம் நேரே யாழ்ப்பாணம். ஊர்க்காரர் ஒருவர் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கினால் இதைவிட வடிவாகக் காட்டலாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய கட்டடம் என்று கைநீட்டிக் காட்ட இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. 1996 இல் இராணுவம், 1998 இல் புலிகள், 2009 ஜனவரி 2 இல் திரும்பவும் இராணுவம் என்று கைமாறிய நகரம் இது, கண்ணில் படுகிற சுவர் அநேகமாக அதற்குப் பிறகு எழும்பியதுதான். ஆகவே கட்டடத்தைத் தேடாதீர்கள், தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நடவுங்கள்.

வெயில் ஏற முன்னம், ஆறரை மணிக்கே, கிளிநொச்சிக் குளத்தடியில் தொடங்குங்கள். 1902 இல் இந்த வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற இரணைமடுக் குளத்து வேலை தொடங்கியது, 1930களில் குடியானவர்களுக்குக் காணி கொடுத்துக் குடியேற்றியது, அப்படி வயலுக்காக உண்டான ஊர் 1984 இல் தனி மாவட்டத்தின் தலைநகரானது எல்லாம் அங்கேயே நின்று சொல்லிவிடலாம். போரிலிருந்து தொடங்கினால் அதற்கு முந்திய எதுவும் பிறகு காதில் ஏறாது.

அடுத்து யாழ்ப்பாணம் போகிற பெருந்தெருவான ஏ9 ஐ விட்டு உள் ஒழுங்கைக்குள் இறங்குங்கள். என்னைக் கேட்டால் முழு நடையிலும் இதுதான் சாரம். வளவுகளைப் பாருங்கள்: வீடு வீட்டுத்திட்டத்தில் வந்த புது வீடு, கிணறு பழசு. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கிணற்றுக்கட்டைச் சுற்றிப் பார்த்தால், சீமெந்து காயமுதல் ஈர்க்காலோ விரலாலோ கீறிய வருடம் சிலதில் இன்னும் இருக்கும், பாசியைக் கொஞ்சம் துடைக்க வேண்டிவரும். பக்கத்து வளவில் வருடம் வேறாக இருந்தால் எந்தக் காணி எப்போது குடியிருப்பானது என்று ஆட்களே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள், நீங்கள் பேசாமல் நிற்கலாம்.

கிணற்றடியில் அம்மாவோ ஐயாவோ கதைக்க வந்தால் விடுங்கள், நேரம் போனாலும் பரவாயில்லை. ஆனால் "2009 இல் எங்கே இருந்தீர்கள், வீட்டில் யார் தவறினது" என்று யாரும் கேட்கக்கூடாது. இதை வெளிக்கிட முன்னமே சொல்லிவிடுங்கள். அவர்களாகச் சொன்னால் கேட்கலாம், போனைத் தூக்கிப் பிடிக்காமல்.

பிறகு கந்தசுவாமி கோயில், சந்தை, புகையிரத நிலையம். 1990 இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில்தான் திரும்ப வந்தது. சந்தையில் 2016 இல் தீப்பிடித்துக் கடைகள் எரிந்ததையும் சொல்லுங்கள், இந்த ஊர் போரால் மட்டும் அழிந்து எழும்பவில்லை. நினைவுச்சின்னத்துக்குப் போவதா விடுவதா என்பதை வருகிறவர்களே முடிவெடுக்கட்டும், நான் கூட்டிக்கொண்டு போவதில்லை.

ஆறு ஏழு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், ஏ9 இல் லொறியும் பஸ்ஸும் வருகிற வேகத்துக்குப் பெரிய கூட்டத்தைக் கடத்த முடியாது. இராணுவ முகாமைப் படம் எடுக்க வேண்டாம், ஆள் இல்லாத பற்றைக் காணிக்குள் கால் வைக்கவும் வேண்டாம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். காசைத் தொடங்க முன்னமே பேசி முடியுங்கள், சொந்தக்காரராக இருந்தாலும் சரி. கடைசியில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையில் முடித்தால், வவுனியாப் பக்கம் போகிறவரும் யாழ்ப்பாணம் போகிறவரும் அங்கிருந்தே ஏறிக்கொள்வார்கள்.