கலப்பின மாட்டில் எந்த இனம் எத்தனை சதவீதம்? மரபணு மார்க்கர் கொண்டு கணக்கிடும் முறை

ஜெர்சிக்கும் சாஹிவாலுக்கும் பிறந்த கன்றில் இரண்டும் பாதிப் பாதி. அந்தக் கன்று வளர்ந்து இன்னொரு கலப்பினத்தோடு சேர்ந்தால், ஒரே பெற்றோரின் இரு கன்றுகளில்கூடச் சதவீதம் மாறும். பதிவேட்டில் இருப்பது சராசரி மட்டுமே. அந்த ஒரு மாட்டில் எந்த இனம் எவ்வளவு என்று தெரிய டி.என்.ஏ.வைத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: மாதிரி

வால் முடி 20 முதல் 30 இழை, வேரோடு பிடுங்குங்கள். டி.என்.ஏ. வேரில்தான் இருக்கிறது, வெட்டிய முடி உதவாது. காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். இரட்டையாகப் பிறந்த மாட்டுக்கு இரத்த மாதிரி வேண்டாம். பெரும்பாலும் கருவிலேயே இரண்டின் இரத்தமும் கலந்திருக்கும். சோதனை இரண்டு மாடுகளையும் சேர்த்துக் காட்டும்.

படி 2: ஒப்பீட்டுக்கான தூய இன மாடுகள்

முழு வேலையின் தரமும் இங்கேதான் முடிவாகிறது. கலப்பில் இருக்கக்கூடிய ஒவ்வொரு இனத்துக்கும் உறவில்லாத 25, 30 தூய மாடுகளாவது தேவை. ஒரே காளையின் மகள்களாக இருந்தால், இனத்தின் அடையாளத்துக்குப் பதில் அந்தக் குடும்பத்தின் அடையாளமே பதிவாகும். இனங்களுக்கிடையே எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருக்கட்டும்.

படி 3: வடிகட்டல்

டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாட்டுக்கு மாடு வேறுபடும் இடம்தான் எஸ்.என்.பி.; இங்கே அதுவே மார்க்கர். ஏறத்தாழ 50,000 எஸ்.என்.பி.க்களைப் படிக்கும் சோதனைச் சிப் தாராளமாகப் போதும். 29 உடற்குரோமோசோம்களை (பாலினக் குரோமோசோம்கள் அல்லாதவை) மட்டும் வைத்துக்கொண்டு, மரபணுத் தரவைக் கையாளும் பிளிங்க் மென்பொருளில் 10 சதவீதத்துக்கு மேல் தரவு விடுபட்ட மார்க்கர்களையும் மாடுகளையும் நீக்குங்கள். வெவ்வேறு சிப்களின் தரவை இணைப்பதானால் ஏ/டி, சி/ஜி வகை எஸ்.என்.பி.க்களையும் விட்டுவிடுங்கள்; டி.என்.ஏ.வின் இரு இழைகளில் எதில் படித்தது என்று அவற்றில் பிரித்தறிய முடியாது.

பலர் தவறுவது ஹார்டி-வெயின்பெர்க் சோதனையில் (மரபணு வகைகள் எதிர்பார்க்கும் விகிதத்தில் இல்லாத மார்க்கர்களை நீக்கும் சோதனை). எல்லா இனங்களையும் ஒன்றாகப் போட்டு அதை ஓட்டினால், இனங்களுக்கிடையே அதிகம் வேறுபடும் மார்க்கர்கள்தான் முதலில் வெளியேறும். நமக்கு வேண்டியதே அவைதான்! தேவையானால் ஒவ்வொரு தூய இனத்துக்குள்ளும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

படி 4: கணக்கீடு

இனங்களின் பங்கைக் கணக்கிடும் அட்மிக்ஸ்சர் மென்பொருளை, தூய இனங்களை முன்கூட்டியே குறித்துக் கொடுக்கும் முறையில் ஓட்டுங்கள். இதற்கு மாட்டுக்கு ஒரு வரி வீதம் தனிக் கோப்பு வேண்டும்: தூய மாடானால் இனப் பெயர், கலப்பினமானால் ஒரு சிறு கோடு. தரவுக் கோப்பின் வரிசையும் இதன் வரிசையும் அப்படியே பொருந்த வேண்டும். பிளிங்க் தரவை இணைக்கும்போது மாடுகளை அடையாள எண்படி மறுவரிசைப்படுத்திவிடும்; ஆகவே இணைத்த பிறகே இந்தக் கோப்பை எழுதுங்கள். வரிசை பிசகினாலும் மென்பொருள் பிழை காட்டாது, தவறான விடையைத்தான் தரும்.

படி 5: சரிபார்ப்பு

சில தூய மாடுகளைக் கலப்பினம்போலக் கோடிட்டு ஓட்டிப் பாருங்கள். 100க்கு மிக அருகில் வர வேண்டும். முதல் தலைமுறைக் கலப்பு 50ஐ ஒட்டி வர வேண்டும். ஓரிரு சதவீதம் மட்டும் காட்டும் இனத்தைக் கலப்பு என்று எழுதாதீர்கள், பெரும்பாலும் அது கணக்கீட்டின் இரைச்சல் (தற்செயல் பிழை). ஒப்பீட்டில் சேர்க்காத இனம் விடையில் வரவே வராது. அதன் பங்கை மென்பொருள் நெருங்கிய இனங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். எதிர்பாராத இனம் 15, 20 சதவீதம் என்று தெரிந்தால், எந்த இனத்தை விட்டுவிட்டோம் என்று முதலில் பாருங்கள்.